எவ்வளவு போதும்?

ஒரே வீட்டில் அப்பாவும் மகனும் ஒரே மருந்தைச் சாப்பிடுவது உண்டு. அது இருவருக்குமே தெரியாமல் இருப்பதும் உண்டு. அறுபத்தைந்து வயது அப்பாவுக்குப் புராஸ்டேட் வீங்கியிருக்கிறது. இரவில் மூன்று முறை, நான்கு முறை எழுந்து போகிறார். மருத்துவர் ஃபினாஸ்டரைடு 5 மி.கி. எழுதிக் கொடுத்திருக்கிறார். இருபத்தாறு வயது மகனுக்கு நெற்றியின் இரு ஓரமும் ஏறிவிட்டது. வீட்டில் பெண் பார்க்கும் பேச்சு தொடங்கியிருக்கிறது. அவன் மேசை இழுப்பறையில் அதே ஃபினாஸ்டரைடு, 1 மி.கி. அப்பாவுக்கு மருந்துக் கடைக்காரர் அட்டையைக் கத்தரியால் நறுக்கி, காகித உறையில் போட்டு, மேலே பேனாவால் 0–0–1 என்று எழுதித் தருகிறார். நறுக்கிய துண்டில் மருந்தின் பெயர் பாதி போய்விடுகிறது. எண் மட்டும் நிற்கிறது: காலையில் வேண்டாம், பகலில் வேண்டாம், இரவில் ஒன்று.

அந்த எண்ணைப் பார்த்ததும் நம் மனம் அமைதி கொள்கிறது. அளவு தெரிந்துவிட்டது, இனி விழுங்குவதுதான் பாக்கி என்று நினைக்கிறோம். ஆனால் ஒரே பொருள் ஒரு தலைமுறைக்கு ஐந்தாகவும் அடுத்த தலைமுறைக்கு ஒன்றாகவும் ஏன் அளக்கப்படுகிறது என்று சற்று நின்று கேட்டால், அந்தக் கேள்வி மருந்துக் கடையோடு முடிவதில்லை. எது நோய், எது வெறும் முதுமை, எதை இழப்பென்று கருதி மீட்கப் புறப்படுகிறோம், அதற்காக வேறு எதை இழக்கச் சம்மதிக்கிறோம் என்று அது நம்மை உள்ளே அழைத்துக்கொண்டு போகிறது.

முதலில் உடலைப் பார்ப்போம். விதைகளில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் இரத்தத்தோடு எங்கும் ஓடுகிறது. சில திசுக்களில் 5-ஆல்பா ரிடக்டேஸ் என்னும் நொதி அதைப் பற்றி, டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்ற இன்னும் வலிய ஹார்மோனாக மாற்றுகிறது. டி.எச்.டி. என்று சுருக்கிச் சொல்வது இதைத்தான். தாயின் வயிற்றில் ஆண் குழந்தையின் வெளியுறுப்பை உருவாக்குவதும், புராஸ்டேட்டை உருவாக்குவதும் இது. பதின்ம வயதில் மீசையும் தாடியும் அரும்ப வைப்பதும் இது. ஐம்பதைக் கடந்த பிறகு, அதே புராஸ்டேட்டை விடாமல் வளர்த்து, நெல்லிக்காய் அளவில் இருந்த சுரப்பியை நடுவில் ஓடும் சிறுநீர்க் குழாய் நெரிபடும்வரை பெருக்கச் செய்வதும் இதுவே. வழுக்கைக்கான மரபு உள்ளவர்களின் உச்சந்தலையில் மயிர்க்கால்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுக்க வைத்து, தடித்த முடி முளைத்த இடத்தில் பூனைமுடியை முளைக்க வைப்பதும் இதுவேதான்.

ஒரே பொருள் ஓரிடத்தில் பெருக்குகிறது, ஓரிடத்தில் சிறுக்குகிறது. தாடையில் முடியை அடர்த்தியாக்கியது, ஒரு சாண் மேலே அதே முடியை மெலிய வைக்கிறது. நம்மை ஆக்கியதை ஒரு தெய்வமாகவும் நம்மைக் குலைப்பதை ஒரு பகையாகவும் பிரித்து வைத்துப் பழகிய நமக்கு இது எளிதில் பிடிபடுவதில்லை. உடல் அப்படிப் பிரித்து வைக்கவில்லை. இளமையில் எந்த வலிமையால் எழுந்து நின்றோமோ, அதே வலிமை தன் வேலை முடிந்த பின்னும் ஓயாமல் உழைக்கும்போது அதற்கு நோய் என்று பெயர் வைக்கிறோம். வெளியிலிருந்து வந்த கிருமியைக் கொல்லும் மருந்துக்கும், உள்ளிருந்தே வந்த ஆற்றலைத் தணிக்கும் மருந்துக்கும் உள்ள வேறுபாடு இங்கே தொடங்குகிறது. முன்னதில் நாம் எதிரியைக் கொல்கிறோம். பின்னதில் நம்மில் ஒரு பகுதியையே அடங்கியிரு என்று கேட்டுக்கொள்கிறோம்.

இந்தத் தொடர்பை மனிதன் வெகுகாலமாக அரைகுறையாக அறிந்திருந்தான். விதை நீக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்பது பழைய கிரேக்க மருத்துவ நூல்களிலேயே பதிவாகியிருக்கிறது. 1942-இல் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் அதை முறையாகக் காட்டினார்: பருவமடையும் முன்பே விதை இழந்தவர்களுக்கு வழுக்கை வரவில்லை, ஆண் ஹார்மோன் செலுத்தியபோது, அவர்களில் மரபு இருந்தவர்களுக்கு முடி உதிரத் தொடங்கியது. ஆனால் ஆண்மையையே விலையாகக் கேட்கும் அறிவால் யாருக்கு என்ன பயன்?

விடை வந்தது ஓர் எளிய ஊரிலிருந்து. கரீபியக் கடலில் டொமினிக்கன் குடியரசின் தென்மேற்கே லாஸ் சலினாஸ் என்ற ஊர். அங்கே சில குடும்பங்களில் பெண் குழந்தைகள் என்று நம்பி வளர்க்கப்பட்டவர்கள், பன்னிரண்டு வயதையொட்டிப் பருவம் வரும்போது ஆண்களாக உருமாறினார்கள். குரல் உடைந்தது, தசை இறுகியது. ஜூலியான் இம்பெராட்டோ-மெக்கின்லி என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் அந்தக் குடும்பங்களை ஆராய்ந்து 1974-இல் காரணத்தை வெளியிட்டார்கள். அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவில்லை, அதை டி.எச்.டி.யாக மாற்றும் நொதியில்தான் பிறவிக் குறை. அந்த ஆண்கள் வளர்ந்து முதிர்ந்தபோதும் புராஸ்டேட் சிறிதாகவே இருந்தது. நெற்றி ஏறவில்லை. தாடி மட்டும் அடர்த்தி இல்லை.

இந்தச் செய்தி மெர்க் மருந்து நிறுவனத்தின் ஆராய்ச்சித் தலைவராக இருந்த ராய் வாகலோஸின் கவனத்துக்கு வந்தது. பிறவியிலேயே நொதி குறைந்தவர்களுக்குப் புராஸ்டேட் வீங்கவில்லை என்றால், முதிர்ந்த ஆணிடம் அந்த நொதியை மட்டும் தடுத்தால் போதுமே என்ற எண்ணத்திலிருந்து ஃபினாஸ்டரைடு பிறந்தது. 1992-இல் 5 மி.கி. மாத்திரை புராஸ்டேட்டுக்கும், 1997-இல் 1 மி.கி. மாத்திரை வழுக்கைக்கும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. உலகெங்கும் இரவு தோறும் விழுங்கப்படும் அந்தச் சிறு மாத்திரை, லாஸ் சலினாஸின் சில குடும்பங்கள் தங்கள் விருப்பமின்றிச் சுமந்த ஒரு பிறவி நிலையின் ஒரு கூறை நமக்கு இரவலாகத் தருகிறது. ஒருவர் உடலில் குறையாக வந்தது இன்னொருவர் உடலில் மருந்தாகிறது. இந்தக் கடனை நாம் அதிகம் நினைப்பதில்லை. நினைக்க வேண்டும் என்பது என் எண்ணம். நம் உடலைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி, யாரோ முன்பின் தெரியாதவர்கள் தங்கள் உடலைக் காட்டியதால் தெரிந்ததுதான்.

இனி அளவுக்கு வருவோம். 1999-இல் வெளியான ஓர் ஆய்வில் வழுக்கை உள்ள ஆண்களுக்கு வெவ்வேறு அளவுகளில் ஃபினாஸ்டரைடு கொடுத்து, இரத்தத்தில் டி.எச்.டி. எவ்வளவு குறைகிறது என்று பார்த்தார்கள். 0.2 மி.கி. கொடுத்தபோது 68.6 சதவீதம் குறைந்தது. ஐந்து மடங்கு கூட்டி 1 மி.கி. கொடுத்தபோது 71.4. மேலும் ஐந்து மடங்கு கூட்டி 5 மி.கி. கொடுத்தபோது 72.2. இருபத்தைந்து மடங்கு மருந்துக்கு நான்கு சதவீதம்கூடக் கூடவில்லை.

இந்த மூன்று எண்களை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அளவு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் வீடுகளில் சொல்லிச் சொல்லி வளர்ந்திருக்கிறோம். அது உண்மைதான், ஆனால் இங்கே காண்பது அதைவிட நுட்பமானது. மிஞ்சியது நஞ்சாவதற்கு வெகு முன்பே வீணாகிவிடுகிறது. நொதி பெரும்பாலும் கட்டுண்டபின், மேலும் வந்து சேரும் மருந்துக்குப் பற்றிக்கொள்ள இடமில்லை. கூட்டக் கூட்டக் கிடைக்கும் என்று நம்பும் மனம்தான் இதை ஏற்க மறுக்கிறது. ஒரு மாத்திரைக்கு இவ்வளவு முடி என்றால் இரண்டு மாத்திரைக்கு இரு மடங்கு என்று அது கணக்குப் போடுகிறது. செல்வத்தில், புகழில், பிறர் காட்டும் அன்பில்கூட நாம் போடும் கணக்கு இதுவே. ஆனால் உடலுக்குள் பெரும்பாலான வாசல்கள் ஓரளவு வரைதான் திறக்கின்றன. அதற்கு மேல் தட்டுவது தட்டுபவனின் அமைதியின்மையைத்தான் காட்டும்.

அப்படியானால் அப்பாவுக்கு மட்டும் ஐந்து எதற்கு? இங்கேதான் எண்ணின் பெருமை ஓய்கிறது. 1992-இல் வெளியான முதல் பெரிய ஆய்வில் புராஸ்டேட் வீங்கிய 895 பேருக்கு ஓராண்டு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். சிலருக்கு 1 மி.கி., சிலருக்கு 5 மி.கி., சிலருக்கு வெற்று மாத்திரை. ஒரு மில்லிகிராம் எடுத்தவர்களுக்குச் சுரப்பி 18 சதவீதம் சுருங்கியது. ஐந்து எடுத்தவர்களுக்கு 19. சிறுநீரின் வேகமும் இரு பிரிவிலும் ஏறத்தாழ ஒரே அளவு கூடியது. அளவுகோலின் முன்னால் இரண்டும் ஒன்று. ஆனால் உங்கள் அவதி குறைந்ததா என்று நோயாளிகளைக் கேட்டு மதிப்பெண் போட்டபோது, ஐந்து எடுத்தவர்களிடம்தான் ஐயமின்றிச் சொல்லும்படியான குறைவு தெரிந்தது. ஒன்று எடுத்தவர்களிடம் அப்படித் தெரியவில்லை. சுரப்பி சமமாகச் சுருங்கியது. துன்பம் சமமாகச் சுருங்கவில்லை.

மருத்துவம் கடைசியில் துன்பத்தின் பக்கம் நின்றது. புராஸ்டேட்டுக்கு ஐந்து என்று முடிவாயிற்று. வழுக்கைக்கு, நிறைவான பலன் தரும் குறைந்த அளவாக ஒன்று என்று முடிவாயிற்று. இதில் ஓர் அறமும் இருக்கிறது. உயிரையோ உறக்கத்தையோ வதைக்காத ஒரு குறைக்கு, பல பத்தாண்டுகள் உடலில் தங்கப்போகும் மருந்தைத் தருவதென்றால், எவ்வளவு தர முடியும் என்று பார்க்காமல் எவ்வளவு குறைவாகத் தந்தால் போதும் என்று பார்ப்பதே நியாயம்.

ஒரு சிறு கணக்கு. இருபத்தாறு வயதில் தொடங்கியவன் நாளுக்கு 1 மி.கி. வீதம் எழுபத்தாறு வயது வரை எடுத்தால், வாழ்நாளில் அவன் விழுங்கியது பதினெட்டு கிராமுக்குச் சற்று மேல். அறுபத்தைந்தில் தொடங்கியவர் நாளுக்கு 5 மி.கி. வீதம் பத்தாண்டு எடுத்தாலும் அதே பதினெட்டு கிராம். எடை ஒன்றுதான். ஆனால் ஒருவருக்கு அது பத்தாண்டுகளுக்குள் அடங்குகிறது. இன்னொருவனுக்குத் திருமணம், குழந்தைப்பேறு, தொழில், நடுவயது என்று வாழ்வின் பெரும்பகுதியின் மேல் பரவுகிறது. சிறிய அளவு என்று சொல்லும்போது எந்த அளவுகோலால் சிறியது என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. மாத்திரையில் சிறியது காலத்தில் பெரியதாக இருக்கலாம்.

காலத்தைப் பற்றி இந்த மருந்து நமக்கு வேறொன்றையும் உணர்த்துகிறது. முடி என்றால் மூன்று மாதம் வரை கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஓராண்டு ஆகாமல் பலனைத் தீர்மானிக்க முடியாது. புராஸ்டேட் என்றால் குறைந்தது ஆறு மாதம். இந்தக் காத்திருப்பை எந்த மருத்துவராலும் சுருக்க முடியாது. மயிர்க்கால் தன் சுழற்சியில் ஓய்ந்து, உதிர்ந்து, மறுபடி முளைக்க எடுக்கும் காலம் அது. மாத்திரையை இரட்டிப்பாக்கினால் நாட்கள் பாதியாவதில்லை. நிறுத்தினாலோ, ஓராண்டுக்குள் பழைய நிலை திரும்பிவிடும். இந்த மருந்தால் வாங்கியது எதுவும் சொந்தமாவதில்லை; ஒவ்வொரு நாளும் மறுபடி வாங்க வேண்டும். 3,040 ஆண்களை நான்காண்டுகள் தொடர்ந்து பார்த்து 1998-இல் வெளியான ஆய்வில், மருந்து எடுத்தவர்களின் புராஸ்டேட் 18 சதவீதம் சுருங்கியது. எடுக்காதவர்களுக்கு 14 சதவீதம் வளர்ந்தது. திடீர் நீரடைப்பும் அறுவை சிகிச்சைக்கான தேவையும் பாதிக்கும் மேல் குறைந்தன. அந்த நான்காண்டுகளில் எந்த ஒரு நாளிலும் எதுவும் நிகழ்ந்ததாக யாருக்கும் தோன்றியிருக்காது.

இதோடு டாம்சுலோசினை வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். அதுவும் புராஸ்டேட்டுக்குத்தான். ஆனால் அது சுரப்பியைச் சுருக்குவதில்லை. குழாயைச் சுற்றி இறுகியிருக்கும் தசையைத் தளர்த்துகிறது. சில நாட்களிலேயே சிறுநீர் தடையின்றிப் போகிறது, மனிதர் நிம்மதியாகத் தூங்குகிறார். சுரப்பி மட்டும் தன்போக்கில் வளர்ந்துகொண்டே இருக்கும். ஒன்று ஆறுதல் தருகிறது, மற்றது மாற்றம் தருகிறது. ஆறுதல் விரைவாக வருகிறது, மாற்றம் மெதுவாக வருகிறது. 2003-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், டாம்சுலோசின் வகையைச் சேர்ந்த டாக்சசோசினையும் ஃபினாஸ்டரைடையும் சேர்த்துக் கொடுத்தபோது நோய் முற்றுவது 66 சதவீதம் குறைந்தது. தனித்தனியே கொடுத்தபோது அதில் ஏறக்குறைய பாதிதான். மனிதனுக்கு இரண்டும் வேண்டும். ஆறுதல் மட்டும் தேடுபவன் உள்ளே வளர்வதை மறந்துவிடுவான். மாற்றத்தை மட்டும் நம்பச் சொன்னால், அந்த மாற்றம் வருவதற்குள் நோயாளி மருந்தையே விட்டுவிடுவார்.

இனி, விலை. இந்த மருந்து எதையும் நம் உடலில் சேர்ப்பதில்லை; ஒன்றைக் கழிக்கிறது. கழிக்கப்படுவது வேண்டாத பொருள் மட்டுமாக இருக்க வழியில்லை. ஆசை குறைவது, விறைப்பு குறைவது, விந்தின் அளவு குறைவது, மார்பில் வலியோ வீக்கமோ தோன்றுவது ஆகியவை பதிவான விளைவுகள். வழுக்கைக்கான 1 மி.கி. ஆய்வுகளில் ஓராண்டில் பாலியல் விளைவு ஏதாவது ஒன்றைச் சொன்னவர்கள் 3.8 சதவீதம், வெற்று மாத்திரை எடுத்தவர்களிலும் 2.1 சதவீதம் சொன்னார்கள். பெரும்பாலோருக்கு ஒன்றும் நேர்வதில்லை. நேர்ந்த சிலருக்கு மருந்தை நிறுத்திய பின்னும் அது நீடித்ததாக வந்த புகார்களால் 2012-இல் அமெரிக்க அரசு மருந்துக் குறிப்பில் எச்சரிக்கை சேர்க்க வைத்தது. 2025-இல் ஐரோப்பிய மருந்து முகமை, தற்கொலை எண்ணம் இந்த மருந்தின் பக்கவிளைவு என்று உறுதி செய்தது. தற்கொலை எண்ணம் பற்றி வந்த புகார்களில் பெரும்பாலானவை 1 மி.கி. எடுத்தவர்களிடமிருந்து, அதாவது முடிக்காக எடுத்தவர்களிடமிருந்து வந்தவை.

நூற்றில் சிலருக்கு என்ற சொல், அந்தச் சிலருள் ஒருவராக நாம் ஆகும்வரை ஆறுதலாகவே இருக்கும். அப்பா உறக்கத்துக்காகக் கொடுக்கும் விலையும், மகன் தோற்றத்துக்காகக் கொடுக்கும் விலையும் பெயரளவில் ஒன்றே. ஆனால் ஒரே இழப்பு இரண்டு வயதில் இரண்டு எடை கொள்கிறது. இதைச் சொல்லும்போது மகனின் துயரத்தை அற்பம் என்று நான் கருதவில்லை. வழுக்கையைக் கேலிப் பொருளாக்கி மகிழும் ஊரில், கண்ணாடி முன்னால் தினமும் நின்று சீப்பில் ஒட்டிய முடியை எண்ணும் இளைஞனின் வேதனை உண்மையானது. அவனுக்கு அந்த வேதனையைக் கொடுத்ததில் நம் எல்லோருக்கும் பங்குண்டு. திருமண விளம்பரத்தில் தலைமுடியைப் பார்த்து மாப்பிள்ளையைத் தள்ளும் நாம், அவன் மாத்திரை தேடிப் போவதைப் பேராசை என்று சொல்லும் உரிமையை இழந்துவிட்டோம்.

இத்தாலியில் நடந்து 2007-இல் வெளியான ஓர் ஆய்வு இந்த விலைக்கு இன்னொரு முகம் இருப்பதைக் காட்டியது. புராஸ்டேட்டுக்காக 5 மி.கி. தொடங்கியவர்களில் ஒரு பாதியினரிடம் பாலியல் பக்கவிளைவு வரக்கூடும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். மற்ற பாதியினரிடம் சொல்லவில்லை. ஓராண்டு முடிவில், சொல்லப்பட்டவர்களில் 43.6 சதவீதம் பேருக்கு அந்த விளைவு வந்திருந்தது, சொல்லப்படாதவர்களில் 15.3 சதவீதம். மாத்திரை ஒன்றே. சொல் மட்டும் வேறு. சொல்லுக்கும் உடலில் இறங்கி வேலை செய்யும் ஆற்றல் உண்டு என்பதை இதைவிட வெளிப்படையாகக் காட்டும் எண்கள் குறைவு.

அப்படியென்றால் சொல்லாமல் விட்டுவிடலாமா? நான் அப்படி நினைக்கவில்லை. சொல்லப்படாதவர்களில் ஏறக்குறைய ஏழில் ஒருவருக்கு வந்தது அல்லவா, அவரை நினைத்துப் பார்ப்போம். தனக்கு ஏன் இப்படி ஆயிற்று என்று அவருக்குத் தெரியாது. வயதைக் குறை சொல்வார், மனைவியைக் குறை சொல்வார், முடிவில் தன்னையே குறை சொல்லிக்கொள்வார். அச்சத்தால் வரும் துன்பம் பெரிதா, அறியாமையால் வரும் துன்பம் பெரிதா என்று எடை போட்டால், பின்னதற்கே ஆழம் அதிகம். அதில் மனிதன் தன் துன்பத்தின் காரணத்தையும் சேர்த்து இழக்கிறான். உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் மருந்துக் குறிப்பின் பொடி எழுத்தை நோயாளியின் முன் நீட்டிவிட்டுக் கடமை முடிந்தது என்று சொல்வதும், எதிரே உட்கார்ந்து, இது சிலருக்கு வரும், வந்தால் என்னிடம் வாருங்கள் என்று சொல்வதும் ஒன்றாகாது.

திருக்குறளில் மருந்து என்ற அதிகாரத்தைப் பிரித்தால், அதன் பெரும்பகுதி உணவின் அளவைப் பற்றியே பேசுவதைக் காணலாம். மருத்துவனைப் பற்றிய பேச்சு கடைசியில்தான் வருகிறது. அந்தக் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்காக வகுக்கிறது: நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து அதைக் கொடுப்பவர். இந்த நான்காமவர் என்னை எப்போதும் யோசிக்க வைப்பவர். மருந்து எவ்வளவு நல்லதாக இருந்தாலும், வைத்தியர் எவ்வளவு வல்லவராக இருந்தாலும், பக்கத்தில் ஒருவர் இல்லையென்றால் மருத்துவம் முழுமையாகாது என்று வள்ளுவர் ஏன் கருதினார்?

அப்பாவுக்கு நான்காமவர் இருக்கிறார். இரவில் எத்தனை முறை எழுந்தார் என்று அவர் சொல்லாமலே அம்மாவுக்குத் தெரியும். மாத்திரை தீர்ந்துபோவதும் தெரியும். மகனுக்கு யார் இருக்கிறார்கள்? கைப்பேசியில் நாலு கேள்விக்குப் பதில் சொல்லி, முகம் பார்க்காத ஒருவர் எழுதிய சீட்டில், பெட்டியில் வந்து இறங்கிய மருந்து. அம்மாவிடம் சொல்ல வெட்கம், நண்பர்களிடம் சொன்னால் கேலி, பார்க்கப் போகும் பெண்ணிடம் சொல்ல அச்சம். மனம் சோர்ந்து இருண்டுகொண்டு வந்தாலும், அது மாத்திரை தொடங்கிய பிறகுதானே என்று நாட்களை ஒட்டிப் பார்த்துச் சொல்ல அருகில் ஒருவர் இல்லை. அப்பாவும் முழுதாகச் சொல்லிவிடுவதில்லை. சிறுநீர், புராஸ்டேட் என்ற பேச்சைப் பிள்ளைகள் முன் எடுக்கமாட்டார். ஒரே நொதியின் வேலையால் வருந்தும் இருவர், ஒரே கூரையின் கீழ், ஒருவருக்கொருவர் மறைத்து, ஒரே மருந்தை விழுங்குகிறார்கள்.

இந்த மறைப்பு மனத்தோடு நிற்பதில்லை. உடலின் கணக்கையும் குழப்புகிறது. ஃபினாஸ்டரைடு எடுப்பவரின் இரத்தத்தில் பி.எஸ்.ஏ. அளவு ஓராண்டுக்குள் ஏறக்குறைய பாதியாகிவிடும். புராஸ்டேட் புற்றுநோயைச் சந்தேகிக்கப் பயன்படும் எண் அது. அறிக்கையில் 3 என்று வந்தால், மருந்து எடுப்பவருக்கு அதை 6 என்று படிக்க வேண்டும். நான்குக்குள் இருக்கிறது, பயமில்லை என்று அனுப்பிவிடுவதற்கும் மேற்கொண்டு சோதிப்பதற்கும் இடையில் உள்ள வேறுபாடு அது. முடிக்காக எடுக்கும் ஒரு மில்லிகிராமும் நடுவயதில் இதைச் செய்யும். இளமையில் தொடங்கிய மாத்திரையை மருந்து என்றே எண்ணாமல், ஐம்பது வயதில் சோதனைக்குப் போகும்போது சொல்லாமல் விடுபவர் தன் கையாலேயே அளவுகோலை மாற்றிவிட்டு அதை நம்பி வீடு திரும்புகிறார்.

மருந்தின் விளைவு அதை எடுப்பவரோடு நிற்பதும் இல்லை. விலை கருதி 5 மி.கி. மாத்திரையை நான்காக நறுக்கி முடிக்குச் சாப்பிடுபவர்கள் உண்டு. உடைந்த துண்டைக் கருவுற்ற பெண் கையாளக் கூடாது, உள்ளே இருப்பது ஆண் குழந்தையானால் அதன் உறுப்பு உருவாவதைக் கெடுக்கலாம் என்பதை அவர்கள் நினைப்பதில்லை. ஃபினாஸ்டரைடு எடுத்தவர் நிறுத்தி ஒரு மாதமும், அதன் வலிய உறவான டூட்டாஸ்டரைடு எடுத்தவர் ஆறு மாதமும் இரத்த தானம் செய்யக் கூடாது என்ற விதியும் இதற்காகத்தான். அந்த இரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போய்ச் சேரலாம். டாம்சுலோசின் எடுப்பவரின் கண்மணியைச் சுற்றியுள்ள திரை, கண்புரை அறுவையின்போது தளர்ந்து அறுவை செய்பவரைத் தடுமாற வைக்கலாம். என் உடல், என் மாத்திரை என்று நாம் போடும் வேலி எவ்வளவு மெல்லியது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது, அளவு என்பது மாத்திரைக்குள் அடைத்து விற்கப்படும் பொருள் என்ற எண்ணம் நழுவிப் போகிறது. ஐந்தும் ஒன்றும் நொதியிடம் ஏறத்தாழ ஒரே வேலையைச் செய்தாலும், அவதிப்படும் முதியவருக்கு ஐந்து சரியாகவும் இளைஞனுக்கு அது மிகையாகவும் ஆவது, அந்த அளவு நோயின் பருமனைப் பார்த்து மட்டும் வகுக்கப்படாமல், அது இறங்கும் வாழ்வின் வயதையும், அது தங்கப்போகும் காலத்தையும், அதற்காக அந்த மனிதன் இழக்கத் துணிவதையும், அவனோடு அதைச் சேர்ந்து சுமப்பவர்களையும் பார்த்து வகுக்கப்படுவதால்தான். ஆகவே எவ்வளவு போதும் என்ற கேள்வியை எவனும் தனியே அமர்ந்து தன் அச்சத்தையும் ஆசையையும் மட்டும் சாட்சியாக வைத்துத் தீர்த்துக்கொள்ள முடியாது. மருந்தறிந்தவரும், தன்னோடு வாழ்பவரும் அந்த நிறுவைக்கு அருகில் நின்றால்தான் தட்டு நேராகும். வேண்டாம் என்று முடிவு செய்வதும் அந்த நிறுவையில் ஒரு நேர்மையான முடிவே. முடி இழப்பது உயிரை இழப்பதாகாது. வீங்கிய புராஸ்டேட்டுக்கு எல்லோருக்கும் மாத்திரை தேவையும் இல்லை.

ஆகையால் இதைப் படிக்கும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் யாரிடமாவது சொல்லிவிட்டு இந்த மருந்தைத் தொடங்குங்கள். பி.எஸ்.ஏ. சோதனைக்கும், கண் அறுவைக்கும், இரத்த தானத்துக்கும் போகும்போது எந்த மாத்திரையை எத்தனை காலமாக எடுக்கிறீர்கள் என்று கேட்பதற்கு முன்பே சொல்லுங்கள். முடிக்காக எடுக்கத் தொடங்கிய பிறகு மனம் காரணமின்றி இருண்டால், வாழ்வின் மேல் வெறுப்புத் தோன்றினால், அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். புராஸ்டேட்டுக்காக எடுப்பவருக்கு அப்படித் தோன்றினாலும் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பார்க்க அழைத்துப் போங்கள்.